பிறந்த மண்ணில் 30 நாள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாட்கள் நடைபெறுவது. பிறநாட்டுக் கடவுச்சீட்டுடன் சுற்றுலாப் பிரயாணியாக இலங்கைக்கு வருகின்ற பெரும்பாலானோருக்கு முதலிற் கிடைக்கும் தங்குமனுமதியோ 30 நாட்கள். கொடியேற்றத்துக்கு முதல்நாள் வந்திறங்கிய ஒருவருக்குத் திருவிழா முற்றும் முடிந்தபின் எஞ்சுவன நான்கே நாட்கள். அந்நான்கு நாட்களுக்குள் வீட்டுக் கூரையைத் திருத்தவேண்டும், காணியுறுதியைத் தேடவேண்டும், முதிய தாயாரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும், உறவினர் வீடுகளில் ஒன்றையும் விடாது ஏறியிறங்கவேண்டும். ஏறாது விட்ட வீட்டாரின் மனத்தாங்கலுக்கு எந்த நாட்டு விசாவும் பரிகாரமாகாது என்பது நம்மவர் அனைவரும் அறிந்ததே.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே கோப்பாயைக் கடந்தால், இருமருங்கும் வாழைத்தோட்டங்கள் விரியும் ஊர் நீர்வேலி. சங்கர பண்டிதரால் தமிழுலகில் பெயர்பெற்ற ஊர். அங்கே வாழை பொத்தி தள்ளினாற் குலை முற்ற மூன்று மாதமளவு செல்லும். தாம் வந்திறங்கிய அன்று தள்ளிய பொத்தி குலையாகிப் பழுத்து, அதில் ஒரு பழத்தையேனும் உண்டுவிட்டுத் திரும்பவேண்டுமென்று அவ்வூர்ப் பிள்ளையொருவர் ஆசைப்பட்டால், சர்க்காரிடம் விண்ணப்பித்துத் தவணை நீட்டாமல் அது கைகூடாது. பிறந்த வீட்டில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதை வீட்டாரோ ஊராரோ தீர்மானிப்பதில்லை. வந்தவர் எந்நாட்டுப் பிரசை என்பதே தீர்மானிக்கின்றது.

இந்நிலை நமக்கு ஆதிமுதல் இருந்ததன்று. ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய காலத்திலே, இக்கரையாருக்கு அக்கரை அந்நிய தேசமாய் இருக்கவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை ஏற்பட்டதும் போக்குவரத்து மேலும் இலகுவாயிற்று. பின்னர், 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் பிறந்தது. 1949 நவம்பர் 1ஆந் திகதி அதற்கெனத் தனித் திணைக்களமும் தோன்றியது. அன்றுதொட்டு ஒரு கடலின் இரு கரையிலும் ஒரு மொழி பேசுவோர், ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போக முத்திரையும் தவணையும் வேண்டியவராயினர். தமிழ்நாட்டிலிருந்து இங்கு தொழில் பார்க்க வந்தோர் தற்காலிக வதிவிட அனுமதியுடன் காலங்கழித்தனர். தவணை நீடிக்கப்படாதவிடத்துக் கடையைக் கட்டிக்கொண்டு புறப்படவேண்டியதாயிற்று. மலைநாட்டுத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோர் எந்நாட்டுப் பிரசையும் அல்லாராய், 1964 அக்டோபரிற் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற் பங்கிட்டுக் கொள்ளப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது வேறு கதை.

இனி, தவணை முடிந்தால் என்ன செய்வது? பெருநிலப்பரப்பு நாடுகளிலே உல்லாசப் பிரயாணிகள் ஓர் உபாயம் வைத்திருக்கின்றனர். தவணை முடிவதற்கு முதல்நாள் வண்டியேறி அண்டை நாட்டெல்லையைக் கடந்து, அங்கே ஒரு வேளை உணவுண்டு, மறுபடி உள்ளே நுழைந்து புதுத் தவணை பெற்றுக்கொள்வர். தாய்லாந்தில் இவ்வழக்கம் மிகுந்தமையால், விசாவின்றித் தரைவழி வருவோர் ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் நுழையலாகாதென அந்நாடு 2016ஆம் ஆண்டின் முடிவில் விதி செய்தது. நமது நாடோ தீவு. இங்கே நடந்து கடக்க எல்லையில்லை. குடாநாட்டிலிருந்து அண்டை நாட்டுக்குப் போகும் நேர்வழிகள் இரண்டே. ஒன்று பலாலி: 2019 அக்டோபர் 17ஆந் திகதி அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னைக்குச் சேவை தொடங்கி, தொற்றுநோயால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது, 2025இல் திருச்சிக்கும் விமானம் விடப்பட்டது. மற்றது காங்கேசன்துறை: 2023 அக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்திலிருந்து கப்பல் வந்தது; சில தினங்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத்தொடங்கிற்று. மாரிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது நிறுத்தப்படுவதுமுண்டு.

ஆகவே, 'இந்தியாவுக்கு ஒரு தடவை போய்வந்தாற் புது விசாக் கிடைக்குந்தானே' என்று எண்ணுபவர், இரு கதவுகளும் இந்தியாவுக்கே திறக்கின்றன என்பதை மறத்தலாகாது. இந்திய விசா இல்லாதவருக்குக் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. அவ்விசாவோ ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு வேறுபடும்.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். நாகபட்டினத்துக் கப்பல் முதன்முதல் காங்கேசன்துறைக்கு வந்த அதே நாட்களில், கனடாப் பிரசைகளுக்குப் புதிய சுற்றுலா விசா வழங்குவதை இந்தியா நிறுத்திவைத்திருந்தது. இரு அரசாங்கங்களுக்கும் இடையே மூண்ட பிணக்கினால் 2023 செப்டெம்பர் 21ஆந் திகதி விழுந்த அத்தடை, சுற்றுலாப் பிரயாணிகளைப் பொறுத்தவரை நவம்பர் 22ஆந் திகதி இணையவழி விசா மீளும்வரை நீடித்தது. ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகளில் வந்து நின்ற இரு ஒன்றுவிட்ட சகோதரருள், பிரித்தானியப் பிரசையானவர் விண்ணப்பித்துக் கப்பலேறலாம். கனடாப் பிரசையானவர் கரையில் நின்று பார்க்கலாம். ரொறன்ரோவில் வாழ்ந்து வரி கட்டியதைத் தவிர அவர் செய்த குற்றம் யாதுமில்லை.

இந்தியாவே வேறொரு காலத்தில், சுற்றுலா விசாவுடன் வந்து வெளியேறியவர் மீண்டும் நுழைய இரண்டு மாத இடைவெளி வேண்டுமென விதித்தது. 2009ஆம் ஆண்டின் முடிவில் வந்த அவ்விதி 2012இல் தளர்த்தப்பட்டது. ஆயினும் சீனா, ஈரான் முதலிய சில நாட்டவருக்கும், பாகிஸ்தான், வங்காளதேசப் பூர்வீகத்தாருக்கும், நாடற்றோருக்கும் தளர்வில்லை. கையிலுள்ள கடவுச்சீட்டு மாத்திரமன்றிப் பாட்டனார் பிறந்த இடமும் விசாரிக்கப்படும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நீர்வேலியில் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டா, இத்தகைய வீடு குடாநாட்டில் ஊருக்கூர் உண்டு. தாயார் ஒருவர்; பிள்ளைகள் நால்வர். மூத்தவர் கனடாவில், அடுத்தவர் நோர்வேயில், மகள் ஜேர்மனியில், கடைசி மகன் சுவிற்சர்லாந்தில். ஒரு வயிற்றிற் பிறந்தோர், ஒரு கிணற்று நீர் குடித்தோர். ஆயினும் தாயாருக்கு நோயென்று கேட்டு ஓடிவரும்போது நால்வருக்கும் நால்வகைச் சட்டம்.

கனடா மைந்தர் இரட்டைப் பிரசாவுரிமை பெற்றவராயின் இலங்கைக் கடவுச்சீட்டுடன் வந்து விருப்பம்போல் இருக்கலாம், அவருக்கு நாட்கணக்கில்லை. 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் இவ்வசதி உண்டாயிற்று. இடையே 2011 முதல் 2015 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்படாதிருந்தன. ஆனால் தந்தைக்குக் கணக்கில்லையென்று பிள்ளைகளுக்கும் இல்லையென்று கருதிவிடலாகாது. கனடாக் கடவுச்சீட்டை மாத்திரம் உடைய குழந்தைக்குத் தவணை உண்டு. மடியிலிருக்கும் பிள்ளையின் திகதியை மறந்துவிட்டு, விமான நிலையத்திலே திகைப்போர் இருக்கின்றனர்.

நோர்வேயிலிருப்பவருக்கு 2020 சனவரி 1 வரை அந்நாட்டுச் சட்டமே இரட்டையுரிமைக்கு இடங்கொடுக்கவில்லை. ஜேர்மனி மகளுக்கு 2024 யூன் 27ஆந் திகதிதான் வழி பிறந்தது. அதற்கு முன்னர் அந்நாட்டுப் பிரசையானோருட் பெரும்பாலார் இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தே ஆயினர். அவர்கள் இப்போது மீட்டுக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வரும்வரையில் பிறந்த வீட்டில் அவர்கள் சுற்றுலாப் பிரயாணிகளே.

இவ்வாறு சுற்றுலா விசாவில் நிற்போருக்கு எம் அறிவிற்கெட்டிய வரையில் நேரிய வழி ஒன்றே: கடல் கடந்து மீளலாமென்று நம்பியிராது, தவணை முடியுமுன்னர் நாட்டினுள்ளிருந்தே நீடிப்புக் கோருவது. முன்னர் இதற்காகக் கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பிரயாணஞ்செய்து, பத்தரமுல்லையில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. இப்போது இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். முதலிற் சில மாதங்களுக்கும், தக்க காரணங்காட்டிப் பின்னரும் நீட்டி, ஆறு மாதமளவு தங்கினோர் பலர். கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். 2025 செப்டெம்பர் 1ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியில் திறக்கப்பட்ட பிராந்திய அலுவலகம் கடவுச்சீட்டு வழங்குவதற்கென அமைந்தது. அங்கே எல்லாம் ஆகுமென்று கருதி விசாத் தவணையின் கடைசி நாளிற் போய் நிற்பது புத்தியன்று. முத்திரையில் எழுதிய திகதியை இறங்கிய அன்றே வீட்டு நாட்காட்டியிற் குறித்து, அதற்கு இரண்டு வாரம் முன்னரே விண்ணப்பித்தல் நன்று. தவணை கடந்து நின்றால் தண்டப்பணம் உண்டு. அடுத்தமுறை வரும்போது கேள்வியும் உண்டு.

விதிகள் நிலையாய் நிற்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2012இல் ஏற்பட்ட இணையவழி முன்னனுமதி முறை 2024 ஏப்ரிலில் மாற்றப்பட்டு, வேற்று நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓகஸ்ட் 2ஆந் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பர் 27இல் பழைய முறை மீண்டது. ஆறு மாதத்துள் இரு முறைகள் மாறின. சென்ற ஆண்டு அண்ணர் எப்படி வந்தாரோ அப்படியே இவ்வாண்டு தாமும் வரலாமென்று தம்பி எண்ணுவது சரிவராது.

ஓர் அரசாங்கம் இரக்கங்காட்டி நீட்டிய தவணையும் என்றைக்கும் நில்லாது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியபோது, இலங்கையிற் சுற்றுலா வந்திருந்த ருசியரும் உக்ரேனியரும் திரும்ப வழியற்று நின்றனர். அவர்களுக்குத் தவணை திரும்பத் திரும்ப நீட்டப்பட்டது. இரண்டாண்டு கழிந்து, 2024 பெப்ரவரியில், இரண்டு வாரத்துள் வெளியேறுக என்று திணைக்களம் அறிவித்தது. அவ்வறிவித்தல் அமைச்சரவையின் அனுமதியின்றி விடுக்கப்பட்டதென்று சனாதிபதி செயலகம் விசாரணை கேட்டது. வீடு திரும்பினாற் போர்முனைக்கு அழைக்கப்படுவாரோ என்றஞ்சிய இளைஞனுக்கு, அவ்விரண்டு வாரம் எப்படிக் கழிந்திருக்கும்! அகதிகளாய் அலைந்த வரலாறுடைய நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

கடைசி மகனிடம் வருவோம். அவர் சுவிற்சர்லாந்தில் அகதியாக ஏற்கப்பட்டவர். 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 28ஆம் பிரிவின்படி வழங்கப்படும் நீலநிறப் பிரயாணப் புத்தகம் அவரிடம் உண்டு. அதைக்கொண்டு பல நாடுகளுக்குப் போகலாம். பிறந்த நாட்டுக்குப் போகலாகாது. போனால், அபாயம் இல்லையென்று அவரே காட்டியதாகக் கருதப்பட்டு அகதி நிலையை இழக்க நேரும். கனடாவிலும், 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பின்னர், அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமை பெற்றவர், பிரசையாகுமுன் தம் நாட்டுக் கடவுச்சீட்டெடுத்து ஊர் போய்வந்தால் அவ்வுரிமைக்கே கேடு வரலாம். எனவே மூத்தோர் மூவரும் தாயாரின் கட்டிலருகே நிற்க, இவர் கைபேசியில் முகம் பார்த்திருப்பார்.

இத்தகையோர்க்காக நம்மவர் கண்ட வழிதான் தமிழ்நாடு. தாயார் இக்கரையிலிருந்து போக, மகன் ஐரோப்பாவிலிருந்து வர, இருவரும் திருச்சியிலோ சென்னையிலோ வாடகை வீடெடுத்துச் சில வாரம் ஒன்றாயிருப்பர். கலியாணங்கள்கூட அங்கே நடந்தேறியிருக்கின்றன. ஆனால் அங்கும் இருவருக்கும் தனித்தனித் தவணை. இந்தியாவின் இணையவழி விசா நாட்டுக் கடவுச்சீட்டு உடையோர்க்கே உரியது. அகதிப் பிரயாணப் புத்தகத்துக்கு அது கிடையாது. ஆகையால் மகன் இந்தியத் தூதரகத்தில் நேரே விண்ணப்பித்து, முடிவு வரும்வரை காத்திருக்கவேண்டும். தாயார் இணையத்திலே பெறலாம். ஆனால் அவ்விசாவை அங்கிருந்து நீட்டமுடியாது. குறித்த நாளில் அவர் திரும்பியே ஆகவேண்டும்.

ஆதலால் இவ்வாறு சந்திக்க எண்ணுங் குடும்பத்தார், மகனுக்கு விசாக் கிடைத்த செய்தி வந்தபின்னரே தாயாரின் விமானச் சீட்டுக்குப் பணங் கட்டுவார்களாக. தாயார் விண்ணப்பிக்கும்போது 30 நாள் விசாவை விடுத்து ஓராண்டு விசாவையே கேட்பது நலம். முதியவர், இடையில் ஊருக்கு வந்து, மருந்து வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஒருமுறை போகவேண்டியிருக்கும்.