கோடைக்குச் சில கிறிஸ்தவப் புத்தகங்கள்

மே மாதம் பிறந்தால் தேவாலய வளாகங்களில் வி.பி.எஸ். எனும் விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டிவிடும். பாட்டு, பொம்மலாட்டம், வசனப் போட்டி என்று பிள்ளைகளுக்கு நாள் போவதே தெரியாது. பெரியவர்கள் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனால், பிரசங்கத் தொகுப்புகளும் தியான நூல்களும்தான் முதலில் கண்ணில் படும். அவை அதிகாலை வாசிப்புக்கு உரியவை. மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிற நீண்ட மத்தியானத்துக்கு வேறு வகைப் புத்தகம் வேண்டும். ஒரு மனிதனின் வாழ்க்கைக்குள் விசுவாசம் என்ன பாடு படுகிறது என்று கதையாகவோ அனுபவமாகவோ காட்டும் புத்தகம். அப்படிப்பட்டவை தமிழிலும் உண்டு, தமிழ் மண்ணைப் பற்றி ஆங்கிலத்திலும் உண்டு. தேவாலயப் படியே ஏறாத வாசகரும் அவற்றைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டார்.

முதலில் படிக்க வேண்டியது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வந்த நாவல். ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய அளவுதான். குமரி மாவட்டத்துப் பனங்காடுகளுக்கு நடுவே, வசதி தேய்ந்துகொண்டே வரும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் லிஸி. வயதுக்கு வந்ததும் அவளுடைய பள்ளிப் படிப்பு நின்றுபோகிறது. வீடே அவளுக்கு உலகமாகிறது. பனையேறியின் மகன் தங்கராஜ் மேல் அவள் கொள்ளும் அன்புதான் கதை. இரு குடும்பமும் ஒரே வேதத்தைப் பின்பற்றுகிறவை. அப்படியிருந்தும் பனை ஏறுகிறவனுக்கும் பனைக்குச் சொந்தக்காரனுக்கும் இடையிலுள்ள தூரம் குறையவில்லை. இடையில் ஒரு கொலையும் நடக்கிறது.

ஆங்கிலப் பேராசிரியையான ஹெப்சிபா எழுதிய முதல் நாவல் இது. ஒரு வரியில்கூட அவர் போதிப்பதில்லை. ஞாயிறு ஆராதனை, குடும்ப ஜெபம், தாத்தாவின் அதட்டல் எல்லாம் குமரி வட்டாரப் பேச்சோடு இயல்பாக வந்து போகின்றன. லிஸியின் பொறுமையைப் பார்க்கும்போது, அது அடக்கமா, எதிர்ப்பா என்று வாசகருக்கே ஐயம் எழும். அந்த ஐயத்தைத் தீர்த்துவைக்காமல் விட்டதுதான் நாவலின் பலம். தமிழில் கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு நாவல்தான் படிக்க முடியும் என்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நேரம் தாராளமாக இருப்பவர்கள் அடுத்து ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலுக்குப் போகலாம். கடற்கரைப் பரதவர்களின் தலைமுறைக் கதை. கத்தோலிக்கச் சடங்கும் கடலின் மேல் கொண்ட பயமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும். தொடக்கத்தில் மீனவர் வழக்குச் சொற்கள் சற்றுத் தடுக்கும். ஐம்பது பக்கம் தாண்டிவிட்டால் தோணி தானே ஓடும்.

அனுபவ நூல்களில் இந்தக் கோடைக்கு ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் ‘ஓலைச்சிலுவை’ என்றொரு சிறுகதை. குமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனை டாக்டர் சாமர்வெல்லைப் பற்றியது. அதைப் படித்த கையோடு, சாமர்வெல்லே 1936இல் வெளியிட்ட ‘ஆஃப்டர் எவரெஸ்ட்’ நூலைத் தேடிப் படிக்க வேண்டும். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர் அவர். அந்த முயற்சியில் பனிச்சரிவில் சிக்கி ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தையும் தனியாளாக ஈடுகொடுத்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போனபோது, கடுங்குளிரில் பழுதான தொண்டைச் சதை மூச்சை அடைத்தது. நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தி அதை வெளியே தள்ளித்தான் உயிர் பிழைத்தார். இப்படிப்பட்டவர் நெய்யூர் வராந்தாவில் உட்கார்ந்து குடல் புண்ணைப் பற்றி எழுதும்போது வீரக்கதையின் சாயலே இருக்காது. அந்த எளிமை நெஞ்சைத் தொடும்.

இத்தகைய மருத்துவர் அனுபவங்களில் வேலூரின் பங்கும் குறைந்ததில்லை. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து குறைகின்றன என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். அப்படியல்ல, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும் அவற்றில் பிடிக்கும் சீழுமே காரணம் என்று அவர் கண்டறிந்தார். உணர்வில்லாத விரல்களை இரவில் எலிகள் கடிப்பதும் தெரியவந்தது. நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன! ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் எழுதி 1993இல் வெளிவந்த ‘பெய்ன்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்’ நூலில் இதெல்லாம் துப்பறியும் கதையின் விறுவிறுப்போடு வருகிறது. வலியைக் கடவுள் ஏன் அனுமதித்தார் என்ற பழைய கேள்வியை ஒரு மருத்துவர் இவ்வளவு நேராக எதிர்கொண்ட நூல் அரிது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எவருக்கும் பரிசாகக் கொடுக்கலாம்.

வெளிநாட்டு நாவல்களில் இரண்டு போதும். ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாக்கு எண்டோவின் ‘சைலன்ஸ்’ 1966இல் வந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருக்கிறது. தங்கள் ஆசிரியர் சித்திரவதையில் மதத்தை மறுதலித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, அவரைத் தேடி இரண்டு போர்த்துக்கீசியக் குருக்கள் வருகிறார்கள். கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துவிட்டால் விடுதலை. மிதிக்காவிட்டால் வதைபடுவது குரு மட்டுமல்ல, அவரை நம்பிய ஏழை விவசாயிகளும்தான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசிக்காமல் இருக்க முடியாது. மார்ட்டின் ஸ்கார்சேசி 2016இல் இதைப் படமாக எடுத்தார். புத்தகத்தை முடித்த பிறகு பார்ப்பது நல்லது.

மற்றது மேரிலின் ராபின்சனின் ‘கிலியட்’. 2005இல் புலிட்சர் பரிசு பெற்றது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், எழுபத்தாறு வயதான போதகர் ஜான் ஏம்ஸ், தன் சின்னஞ்சிறு மகன் பெரியவனானதும் படிக்கட்டும் என்று எழுதும் நீண்ட கடிதம். அடிமை முறையை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திய ஏம்ஸின் தாத்தாவும், போரே வேண்டாம் என்ற அப்பாவும் அதில் மோதிக்கொள்கிறார்கள். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் அலுத்துவிடும். நாளுக்குப் பத்துப் பக்கம் போதும்.

பிள்ளைகளுக்கு சி.எஸ். லூயிஸின் நார்னியா வரிசை இருக்கிறது. 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு புத்தகங்கள் வந்தன. அலமாரிக்குள் நுழைந்தால் பனிக்காடு என்பதே அவர்களுக்குப் போதுமான தூண்டில். அஸ்லான் சிங்கம் யாரைக் குறிக்கிறது என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. ஜான் பன்யன் 1678இல் ஆங்கில உரைநடையில் சொன்ன மோட்சப் பயணக் கதையைத் தழுவிய காப்பியம் அது. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய கிருஷ்ணபிள்ளையின் செய்யுளில் அந்தக் கம்ப ஓசையே ஒலிக்கும். அர்த்தம் முழுவதும் புரியவேண்டும் என்ற கவலையில்லாமல், தினம் பத்துப் பாட்டு வீதம் பெரியவர்களை உரக்கப் படிக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்கலாம்.