கொதிகலனுக்குத் திரும்பும் நீர்

கொதிகலன் என்றால் நமக்கு அரிசி ஆலையும் சாயப்பட்டறையும்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் அலுவலகம், மருத்துவமனை, தொழிற்கூடம் ஆகியவற்றைச் சூடாக்கவே எரிவாயுக் கொதிகலன்கள் இயங்குகின்றன. அவை சூடாக்கும் நீர் அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களில் வெப்பத்தை இறக்கிவிட்டு மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது.

2022-இல் ரஷிய எரிவாயு வரத்து சுருங்கியபோது, பொது அலுவலகங்களில் வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று அந்நாடு ஆணையிட்டது. அது பரவலாகப் பேசப்பட்டது. அந்த அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதியே என் கவனத்தை ஈர்த்தது. எரிவாயுவால் சூடாகும் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலக, தொழில் கட்டடங்களில், ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் செல்லும் நீரின் அளவை 2023 செப்டம்பருக்குள் சமன்செய்ய வேண்டும் என்றது அது. புதிய கொதிகலன் வாங்கச் சொல்லவில்லை. வால்வைத் திருகச் சொன்னார்கள்!

காரணம் எளிது. ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. எரிபொருளின் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியோடு புகைபோக்கி வழியே போய்விடும். அதைக் குளிர்வித்து நீராக்கி, அந்த வெப்பத்தையும் மீட்பதே நவீனக் கொதிகலனின் சிறப்பு. (ஆவியின் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காத பழைய அளவுகோலால், விற்பனை ஏடுகளில் செயல்திறன் 109 விழுக்காடு என்றுகூட அச்சாகும். மாணவன் எழுதியிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.) ஆனால், திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி நீராகும். பழைய கட்டடங்களிலோ நீர் 60, 70 டிகிரியில் திரும்பும்படியே குழாய்கள் வடிவமைக்கப்பட்டன.

சமன்செய்யாத கட்டடத்தில் கொதிகலனுக்கு அருகிலுள்ள அறைகளுக்கு வெந்நீர் மிகுதியாகப் பாயும். கடைசி அறை குளிரும். அங்கிருந்து புகார் வரும். பராமரிப்பாளர் வெப்பநிலையையும் பம்பின் வேகத்தையும் கூட்டுவார். கடைசி அறை ஓரளவு சூடாகும். அருகிலுள்ள அறைகளில் ஜன்னலைத் திறப்பார்கள். நீர் இன்னும் சூடாகத் திரும்பும். விலை கொடுத்து வாங்கிய செயல்திறன் புகைபோக்கி வழியே வெளியேறும்.

இதில் எவரையும் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அறை குளிர்ந்தால் பழி பொறியாளர்மீது விழும். எரிவாயுக் கட்டணம் கூடினால் அவரை எவரும் கேட்பதில்லை. கருவி வாங்கும் துறை ஒன்று, கட்டணம் செலுத்தும் துறை மற்றொன்று. எனவே, தேவையைவிடப் பெரிய கொதிகலனை வாங்குவதே அவரவர் நோக்கில் பாதுகாப்பான முடிவு. ஒப்பந்தத்தில் கருவியின் செயல்திறனை எழுதுவதோடு, திரும்பும் நீரின் வெப்பநிலைக்கும் ஒப்பந்ததாரரைப் பொறுப்பாக்கினால் இந்தக் கணக்கு மாறும்.

2023-இல் அங்கு விவாதம் எரிவாயுக் கொதிகலனா, ஹீட் பம்பா என்று திரும்பியது. ஹீட் பம்பும் மிதமான சூட்டு நீரில்தான் சிக்கனமாக ஓடும். ஆகவே, வால்வைத் திருகிய உழைப்பு கொதிகலன் போன பிறகும் பயன்தரும்.