வேலை பார்த்தால் மட்டும் போதாது

அமெரிக்காவில் ஏழைகளுக்கு அரசு கொடுக்கும் உதவியை ‘வெல்ஃபேர்’ என்பார்கள். சொல்லின் பொருள் நலம்தான். ஆனால் அங்கே அந்தச் சொல்லில் இளக்காரம் ஏறிப் பல காலம் ஆகிறது. முதியோர் வாங்கும் ஓய்வூதியத்தை யாரும் வெல்ஃபேர் என்று சொல்வதில்லை. விவசாயிக்குக் கிடைக்கும் மானியத்தையும் சொல்வதில்லை. துணையின்றிக் குழந்தை வளர்க்கும் ஏழைத் தாய் வாங்கும் தொகைக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெயர். உதவி வாங்குபவர் வேலை பார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனை பற்றிய வழக்கும் நெடுங்காலம் அவளை வைத்தே நடந்தது. இப்போது அந்த நிபந்தனை உணவு உதவி, மருத்துவ உதவி என்று பரவியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஏழைத் தாய்க்கான அந்த உதவித் திட்டம் பிறந்ததே தாய் வேலைக்குப் போகாமல் இருப்பதற்காக. 1911-இல் இல்லினாய்ஸ் மாநிலம் ஆதரவற்ற தாய்மாருக்கு உதவித்தொகை கொடுக்கச் சட்டம் செய்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1935 ஆகஸ்ட் 14-இல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதையே நாடு முழுமைக்குமான திட்டமாக்கியது. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொண்டன. யாருக்கு, எவ்வளவு என்பதை மாநிலங்கள் முடிவு செய்தன. சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தவள் ஒரு விதவை: கணவன் இறந்துவிட்டான், குழந்தைகள் சிறியவை, அவள் வீட்டிலிருந்து அவற்றை வளர்க்கட்டும்.

நான்கே ஆண்டுகளில் அந்த விதவை பட்டியலைவிட்டுப் போய்விட்டாள். 1939 திருத்தத்தின்படி, ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்த தொழிலாளி இறந்தால் அவர் மனைவி மக்களுக்கு அந்தக் கணக்கிலிருந்தே பணம் வந்தது. அது உரிமை, யாரும் வீட்டுக்கு வந்து விசாரிப்பதில்லை. உதவிப் பட்டியலில் மிஞ்சியவர்கள் கைவிடப்பட்டவர்கள், மணமாகாத தாய்மார், ஓய்வூதியக் கணக்குக்குள் வராத வயல்வேலையும் வீட்டுவேலையும் பார்த்த குடும்பங்கள். கடைசி வகையில் கறுப்பினத்தவர் அதிகம். திட்டத்தின் மீது பொதுமக்களுக்கு இருந்த பரிவு குறையத் தொடங்கியதை இந்தப் பிரிவினையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

தென் மாநிலங்கள் தாராளமாக நிபந்தனை போட்டன. லூசியானாவில் 1943-லேயே, வயலில் ஆள் தேவைப்படும் காலத்தில் உடல்வலு உள்ள தாய்க்கு உதவி இல்லை என்று விதி வந்தது. 1960-இல் அதே மாநிலம் ‘தகுந்த வீடு’ இல்லை என்று சொல்லி ஏறத்தாழ 23,000 குழந்தைகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அலபாமாவில் ஒரு தாய்க்கு ஆண் நண்பர் இருந்தாலே அவரைக் குழந்தைகளின் தந்தையாகக் கணக்கிட்டு உதவியை நிறுத்தினார்கள். உச்ச நீதிமன்றம் 1968-இல் அந்த விதியைத் தள்ளியது. 1970-இல், உதவியை நிறுத்தும் முன் உரியவரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

நீதிமன்றங்கள் கதவைத் திறந்துவிட்ட அதே ஆண்டுகளில் பட்டியலும் பெருத்தது. இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ‘என் மனைவி வேலைக்குப் போகிறாள், வரி கட்டுகிறாள், உதவி வாங்குபவள் மட்டும் வீட்டில் இருக்கலாமா?’ என்ற கேள்விக்கு 1935-இன் நியாயத்தில் பதில் இல்லை. 1976 தேர்தல் பிரசாரத்தில் ரொனால்ட் ரீகன், பல பெயர்களில் உதவி வாங்கிய ஒரு சிகாகோ பெண்ணின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். அப்படி ஒரு மோசடிக்காரி இருந்தது உண்மை. விதிவிலக்கான அவள் எல்லாருக்கும் முகமாகிப்போனாள்.

அறிவுலகத்திலிருந்தும் வாதங்கள் வந்தன. உதவியே வறுமையை வளர்க்கிறது, அதை நிறுத்திவிடலாம் என்றார் சார்லஸ் மர்ரே, 1984-இல். 1986-இல் லாரன்ஸ் மீட் சொன்னது வேறு: தொகை பெரிதல்ல, பதிலுக்கு எதையும் கேட்காததுதான் குறை, குடிமகனுக்குக் கடமை உண்டு, அதை அரசு கேட்டு வாங்க வேண்டும். நிபந்தனையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இன்றும் இதுதான். வேலை வருமானத்தைத் தாண்டி ஒழுங்கையும் மதிப்பையும் தருகிறது. கடமை கலந்த உதவியைத்தான் வரி கட்டுபவர் நெடுநாள் தாங்குவார்.

இந்த யோசனை அமெரிக்காவில் முளைத்ததல்ல. உதவி பெறுபவனின் நிலை, மிகக் குறைந்த கூலி வாங்கும் உழைப்பாளியின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் 1834 ஏழையர் சட்டத்தின் கொள்கை. அதன் நிழல் 1877-இல் சென்னை மாகாணத்தின் மீதும் விழுந்தது. தாது வருடப் பஞ்சத்தின்போது வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வருபவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவான தானியமும் சில்லறையும் போதும் என்று குறைத்தார். உடலுழைப்பையே தேவையின் அளவுகோலாக வைத்த ஏற்பாடு அது. சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடியது பதிவில் இருக்கிறது.

அமெரிக்கத் திருப்பம் 1996-இல் வந்தது. வெல்ஃபேரை இன்றிருக்கும் வடிவில் முடித்துவைப்பேன் என்று 1992-இல் வாக்குக் கேட்ட பில் கிளின்டன், குடியரசுக் கட்சி நாடாளுமன்றம் அனுப்பிய இரண்டு மசோதாக்களைத் திருப்பியனுப்பிவிட்டு மூன்றாவதில் ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்திட்டார். பழைய திட்டம் ஒழிந்தது. ‘தேவையுள்ள குடும்பங்களுக்குத் தற்காலிக உதவி’ என்ற புதியது வந்தது. தற்காலிகம் என்ற சொல்லிலேயே எல்லாம் அடக்கம்: மத்திய அரசின் பணத்தில் வாழ்நாளில் மொத்தம் 60 மாதம்தான் உதவி. தாய் வாரத்துக்கு 30 மணி நேரம், ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் 20 மணி நேரம், வேலையிலோ வேலை தொடர்பான பயிற்சியிலோ இருக்க வேண்டும். பீட்டர் எடல்மன் உட்பட கிளின்டன் அரசின் மூத்த அதிகாரிகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார்கள்.

1996-இல் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1.22 கோடி. நான்கே ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போயிற்று. மணமாகாத தாய்மாரில் வேலை பார்ப்பவர்கள் 1993-இல் பாதிக்கும் குறைவு. 2000-இல் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கினார்கள். குழந்தை வறுமையும் குறைந்தது. எதிர்த்தவர்கள் கணித்த பேரழிவு நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் பொருளாதாரம் ஓஹோவென்று இருந்தது. கூடவே 1993-இல் பெருமளவு உயர்த்தப்பட்ட ஒரு வரிச்சலுகை, குறைந்த கூலிக்கு உழைப்பவருக்கு வரியே இல்லாவிட்டாலும் அரசுப் பணத்தைக் கையில் கொடுத்தது. மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பொருளியலாளர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். சலுகைக்கும் பொருளாதாரத்துக்கும் பெரும்பங்கு கொடுப்பவர்கள் பலர்.

சட்டத்தின் உள்ளே ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. உதவி பெறும் குடும்பங்களில் 50 சதவீதம் வேலையில் இருப்பதாக மாநிலம் காட்ட வேண்டும். ஆனால் பட்டியல் எவ்வளவு சுருங்குகிறதோ அந்த அளவுக்கு இலக்கும் தளரும். ஒருத்திக்கு வேலை தேடிக் கொடுப்பதும் அவள் பெயரை அடிப்பதும் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே, இரண்டாவது சுலபம். பல மாநிலங்களுக்கு இலக்கு நடைமுறையில் பூஜ்யமாகியது.

பணமும் அப்படித்தான். மத்திய அரசு ஆண்டுக்கு 1,650 கோடி டாலரை மொத்தமாக மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. 1996-இல் வைத்த தொகை அப்படியே நிற்கிறது; விலைவாசி ஏறியதில் அதன் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. பட்டியலைக் குறைத்து மிச்சப்பட்டதை மாநிலங்கள் வேறு காரியங்களுக்குத் திருப்பலாம். இன்று இந்தத் திட்டச் செலவில் ஏழைக் குடும்பத்தின் கையில் ரொக்கமாகச் சேருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மிசிசிப்பியில் கோடிக்கணக்கான டாலர் தவறாகச் செலவானதை மாநிலத் தணிக்கை 2020-இல் அம்பலப்படுத்தியது. ஒரு பல்கலைக்கழகத்தில் கைப்பந்து அரங்கம் கட்டவும் அதிலிருந்து பணம் போயிருந்தது. அதே மிசிசிப்பியில் மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு அதிகபட்ச உதவி 2021 வரை மாதம் 170 டாலர். 1996-இல் வறுமையில் இருந்த 100 குடும்பங்களில் 68-க்கு ரொக்க உதவி கிடைத்தது. 2020-இல் அது 21.

நிபந்தனை வேலையில் சேர்க்கிறதா என்பதற்குச் சோதனை முடிவுகள் உண்டு. ஓரிகனின் போர்ட்லண்டில் கிடைத்த வேலையில் உடனே விழாமல், குறுகிய பயிற்சி பெற்று நல்ல வேலையாகப் பார்த்துச் சேரச் சொன்னார்கள். ஒப்பிட்ட ஊர்களில் மிகச் சிறந்த பலன் அங்கேதான். ஆனால் பல இடங்களில் கிடைத்த பலன் ஐந்தாண்டுக்குள் தேய்ந்தது. உதவியாளரும் குழந்தைக் காப்பகமும் பயிற்சியும் கூடவே வரும் நிபந்தனை ஒன்று; படிவமாக மட்டும் வரும் நிபந்தனை வேறு. முதலாவதற்குச் செலவு அதிகம். அதனால் அதிகம் நடப்பது இரண்டாவது.

‘ஸ்னாப்’ எனப்படும் உணவு உதவியில், குழந்தை இல்லாத உடல்வலு உள்ளவர் மாதம் 80 மணி நேரம் வேலை பார்க்காவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உதவி கிடைக்கும். வர்ஜீனியாவில் இதை ஆராய்ந்தவர்கள், விதிக்கு உட்பட்டவர்களில் உதவி பெறுவோர் 53 சதவீதம் குறைந்ததாகவும் வேலை பார்ப்போர் எண்ணிக்கை கூடியதற்குத் தடயம் இல்லை என்றும் கண்டார்கள்.

ஆர்கன்சாவில் நடந்தது இன்னும் தெளிவு. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான ‘மெடிகெய்ட்’டுக்கு 2018 ஜூனில் அந்த மாநிலம் இதே 80 மணி நேர நிபந்தனையை வைத்தது. வேலை பார்த்த நேரத்தை மாதாமாதம் இணையதளத்தில் பதிய வேண்டும். முதலில் வேறு வழியே கிடையாது. இணைய வசதி குறைந்த மாநிலம் அது. போதாக்குறைக்கு அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். கடையைப் போல இணையதளத்துக்கும் ஷட்டர்! சில மாதங்களில் 18,000-க்கும் அதிகமானோர் காப்பீட்டை இழந்தார்கள். வேலை பார்ப்போர் எண்ணிக்கை கூடவில்லை. குறிவைக்கப்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே நிபந்தனையை நிறைவு செய்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள் என்று ஆய்வில் தெரிந்தது. அவர்கள் தவறியது உழைப்பில் அல்ல, அதை நிரூபிப்பதில். 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நிறுத்தியது.

எதிர்த் திசையிலும் ஒரு சோதனை நடந்தது. 2021-இல் குழந்தை வரிச்சலுகை, வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுதாகக் கிடைத்தது: ஆறு வயதுக்குக் கீழ் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர், மற்றவர்களுக்கு 3,000. உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவையில் குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த ஏற்பாடு முடிந்த மறு ஆண்டே 12.4 ஆயிற்று. நீட்டிக்க மறுத்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, அதில் வேலை நிபந்தனை இல்லை என்பது.

2025 ஜூலை 4-இல் அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் ஊசலை மறுபக்கம் தள்ளியிருக்கிறது. உணவு உதவிக்கான வேலை நிபந்தனை 64 வயது வரை நீள்கிறது. வீடற்றவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் இருந்த விலக்கு போய்விட்டது. மெடிகெய்ட் விரிவாக்கத்தில் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையிலானோர், 2027 தொடக்கத்திலிருந்து மாதம் 80 மணி நேர வேலையோ படிப்போ தொண்டோ காட்ட வேண்டும். இதனால் காப்பீடு இழப்போர் காலப்போக்கில் 50 லட்சத்தைத் தொடலாம் என்பது நாடாளுமன்றத்தின் நிதி மதிப்பீட்டு அலுவலகத்தின் கணிப்பு. மணிக்கணக்கு வாராவாரம் மாறும் உணவக, கிடங்கு வேலைகளில் இருப்பவர்களுக்கு ஒரு மாதம் 85 மணி நேரம் கிடைக்கும், அடுத்த மாதம் 70 தான் கிடைக்கும். அட்டவணை போடுவது முதலாளி.

இந்த நிபந்தனையோடு ஏற்கெனவே மெடிகெய்ட் நடத்திவரும் மாநிலம் ஜார்ஜியா. 2023 ஜூலையில் அங்கே திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் 25,000 பேர் சேர்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். சேர்ந்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். மணிக்கணக்கைச் சரிபார்க்கும் மென்பொருள் உள்ளிட்ட நிர்வாகத்துக்கு ஆன செலவு, நோயாளிகளின் சிகிச்சைக்கு ஆன செலவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.