நியூகிரேஞ்சில் கிடைத்த எலும்பு

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு வடக்கே, பாய்ன் நதி வளைந்து திரும்பும் இடத்தில், எகிப்தின் மகா பிரமிடுக்குச் சில நூற்றாண்டுகள் மூத்ததான நியூகிரேஞ்ச் சமாதி இருக்கிறது. டிசம்பர் மாதத்து அயன தினத்தில் சூரிய கிரணம் அதன் உள்ளறை வரையில் சென்று படியும் விசேஷத்தினால் அது உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. அந்த அற்புதத்தைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. ஆயினும், அதே அறையின் மண்ணில் கிடந்த கொஞ்சம் எலும்பு அதைவிட ஆழ்ந்த விசாரணைக்கு இடம் தருகிறது என்றே சொல்வேன்.

1699-ஆம் ஆண்டில், அந்த நிலத்துக்கு உடையவரான சார்ல்ஸ் காம்பெல் என்பவர் தம் வேலையாட்களைக் கொண்டு சமாதியை மூடியிருந்த மேட்டிலிருந்து கல் எடுக்கச் செய்தபோதுதான் வாயில் வெளிப்பட்டது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக வேடிக்கை பார்க்க வந்தோர் யாவரும் உள்ளே புகுந்து தரையை மிதித்து நடந்தார்கள். கார்க் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி, 1962 முதல் 1975 வரை முறையாக அகழ்ந்து ஆராய்ந்தார். 97 பெருங்கற்கள் வரிசையாகச் சூழ்ந்து நிற்கும் அம்மேட்டுக்குள், 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய நடை ஒன்று சென்று, மூன்று மாடங்களோடு கூடிய சிலுவை வடிவான அறையில் முடிகிறது. சுண்ணாம்போ சாந்தோ இன்றி, ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்றே உட்புறம் நீண்டு நிற்குமாறு அடுக்கி, 6 மீட்டர் உயரத்தில் கூரையை மூடியிருக்கிறார்கள்.

அதைக் கட்டியவர்களுடைய கைத்திறனை அறிய விரும்புவோர் நடையின் கூரைக்கற்களைத்தான் பார்க்கவேண்டும். எவர் கண்ணுக்கும் தென்படாத அவற்றின் மேற்புறத்தில், மழைநீர் வழிந்து பக்கவாட்டில் ஓடுவதற்காகச் சிறு கால்வாய்களைக் கல்லாயுதத்தால் கொத்தியிருக்கிறார்கள். இடுக்குகளில் சுட்ட மண்ணையும் கடல் மணலையும் திணித்து அடைத்திருக்கிறார்கள். அந்தச் சுட்ட மண்ணில் கலந்திருந்த கரித்துகள்களே, கதிர்க்கரிமக் கணக்கின்படி, இக்கட்டடம் ஏறக்குறைய கி.மு. 3200-இல் எழுந்தது என்பதற்குச் சாட்சியாயின. உலோகத்தை அறியாத ஒரு விவசாய ஜனக்கூட்டம், இறந்தோர் உறையும் இடத்தில் ஈரம் கசியலாகாது என்பதற்கு இத்தனை பிரயாசை எடுத்துக்கொண்டது!

வாயிலுக்கு மேலே, வெளிச்சம் புகுவதற்கென்றே அமைத்த சாளரம் ஒன்றையும் ஓ'கெல்லி கண்டுபிடித்தார். அதை அடைத்திருந்த வெண்கற்களைப் பலமுறை இழுத்துத் தள்ளியதால் கீழ்க்கல்லில் கீறல்கள் விழுந்திருந்தன. சமாதியைக் கட்டி மூடிவிட்டுப் போனவர்களல்லர், அடிக்கடி வந்து திறந்தவர்கள் என்பதற்கு அக்கீறல்களைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. 1967 டிசம்பர் 21-ஆம் தேதி உதயகாலத்தில், ஓ'கெல்லி அறைக்குள் காத்திருந்து அந்த ஒளியைத் தம் கண்ணால் கண்டார்.

இவ்வளவு பெரிய கட்டடத்தில் அகப்பட்ட பொருள்களோ மிகச் சில: நான்கு பதக்கங்கள், இரண்டு மணிகள், கோலிகுண்டு போன்ற ஏழு கல்லுருண்டைகள், எலும்பாலான உளி ஒன்று, எலும்பு ஊசிகளின் துண்டுகள் சில. இவற்றோடு ஏறத்தாழ ஐந்து மனிதரின் எலும்புகள் சிதறிக் கிடந்தன. தீயில் வெந்தவையும் வேகாதவையும் அவற்றில் கலந்திருந்தன. இத்தனை பேர் உழைத்துக் கட்டிய இடத்தில் வைப்பதற்குரிய யோக்கியதை யாருக்கு இருந்தது?

வேகாத எலும்புகளில் ஒன்று, ஓர் ஆணின் கபாலத்தில் உட்செவியைச் சுற்றியுள்ள பகுதி. மனித தேகத்தில் மிகக் கடினமான எலும்பு அதுவே. பரம்பரைக் கூறான டி.என்.ஏ. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் அதில் அழியாமல் தங்கும். டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த லாரா காசிடியும் அவர் சகாக்களும் அதைப் பரிசோதித்து, 2020-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட முடிவு எல்லோரையும் திகைக்கவைத்தது. தாய்வழியும் தந்தைவழியும் வந்த டி.என்.ஏ. பிரதிகள் இரண்டும் ஏறக்குறைய கால்பங்கு அளவில் ஒன்றாகவே இருந்தன. ஆகவே அவனைப் பெற்றவர்கள் உடன்பிறந்தோராகவோ, பெற்றோரும் பிள்ளையுமாகவோ இருந்திருக்கவேண்டும். எகிப்திலும் இன்கா தேசத்திலும் தெய்வ அம்சம் பெற்றதாகக் கருதப்பட்ட அரசர்கள் சகோதரியை மணந்ததுண்டு. எனவே இங்கும் அத்தகைய ராஜவம்சம் ஒன்று ஆண்டிருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர் ஊகித்தனர். அருகிலுள்ள டவுத் மேட்டைப் பற்றி, ஓர் அரசன் தன் சகோதரியைக் கூடியதாக மத்தியகாலத்து ஐதிகம் ஒன்று வழங்குவது, பத்திரிகைகளுக்கு நல்ல விருந்தாயிற்று.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. 2025-இல் 'ஆன்டிக்விட்டி' சஞ்சிகையில் ஜெசிகா ஸ்மித் முதலிய புதைபொருள் நிபுணர்களும் ஆட்சேபணை எழுப்பினர்: அக்காலத்து வேறு எந்த அயர்லாந்துச் சமாதியிலும் இத்தகைய பிறப்புக்கு அடையாளம் காணப்படவில்லை, ஒரே எலும்புத் துண்டிலிருந்து ஓர் அரச பரம்பரையை எழுப்புவது தகாது. அவனோடு கிடந்த மற்றவர்கள் அவனுக்கு உறவினரா, அயலாரா என்று விசாரிக்கவும் வழி எளிதன்று. தீயில் நன்றாக வெந்த எலும்பு இத்தகைய பரிசோதனைக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை.