உங்களுக்குத் தெரியுமா? தசை பேசும், டாக்டர் கேட்பார்!

மோட்டார் நியூரான் நோயைக் கண்டறியும் இ.எம்.ஜி. (தசை மின்பதிவு) சோதனையில், டாக்டர் கண்ணை மட்டுமல்ல, காதையும் நம்புகிறார். தசைக்குள் செருகிய மெல்லிய ஊசி பிடிக்கும் மின்துடிப்புகள் ஒலிபெருக்கியில் சத்தமாகக் கேட்கும்.

● ஓய்வில் இருக்கும் நல்ல தசை பெரும்பாலும் மௌனம். நரம்புத் தொடர்பை இழந்த தசைநார்களோ, தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் சடசடக்கும். தோலுக்கு மேல் பார்த்தால் எதுவும் தெரியாது.

● ஒரு நரம்பணு செத்தால், பக்கத்து நரம்பணு புதுக்கிளை விட்டு, அநாதையான தசைநார்களைத் தத்தெடுத்துக்கொள்ளும். அதனால் தசையின் மின்துடிப்பு அலைகள் வழக்கத்தைவிடப் பெரிதாகும். நோயின் அடையாளமாக டாக்டர் தேடுவது, உடல் செய்துகொண்ட இந்த ஒட்டுவேலையைத்தான்!

● கைகால் பலமிழந்தாலும் உணர்வு நரம்புச் சோதனை பொதுவாக 'நார்மல்' என்றே வரும். ஏனென்றால், இந்த நோய் தாக்குவது இயக்க நரம்பணுக்களை (மோட்டார் நியூரான்களை).

● நாக்கிலும் இந்தச் சோதனை ஊசியைச் செருகுவதுண்டு. (ஆம், நாக்கில்தான்.)

● இந்தச் சோதனையில் பயன்படும் 'கான்சென்ட்ரிக்' வகை ஊசி மின்முனையை 1929-இல் அறிமுகம் செய்தவர்கள் ஏட்ரியன், பிராங்க் என்ற இரு விஞ்ஞானிகள். ஏட்ரியன் 1932-இல் நோபல் பரிசு பெற்றார்.