துப்பாக்கியும் மூன்று பட்டியல்களும்

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் நடத்துவது எனக்குப் பல ஆண்டுத் தலைவலி. தொடக்கத்தில் 97, 66, 47 பொருள்கள் என்று பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். மறுநாள் கேட்டால் விழிப்பார்கள். சென்ற ஆண்டு மலையோரத்திலிருந்து வரும் ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் அந்தப் பாடத்துக்கு உயிர் கொடுத்தது.

“டீச்சர், வெள்ளறடையில எங்க மாமா விளையில காட்டுப்பன்னி கேறினா, பஞ்சாயத்து பிரசிடென்ட் சுட உத்தரவு குடுக்கலாமாம். நம்ம பிரசிடென்டுக்கு மட்டும் ஏன் அது இல்ல?”

அவன் வீட்டு மரச்சீனியும் ஏத்தன் வாழையும் அந்த வாரம்தான் அழிந்திருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் நாம். ஒரே மலை, ஒரே பன்றி.

முதலில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டோம். ஆயுதங்கள், வெடிமருந்துகள் மத்தியப் பட்டியலின் 5ஆவது பொருள். எனவே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். உரிமம் தருவது நம் மாவட்டத்தில் ஆட்சியர். ஆனால் அவர் செயல்படுத்துவது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று அந்தச் சட்டமே பேசுகிறது. உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். மாவட்டத்துக்குள் மட்டும் என்றிருந்தால், களியக்காவிளையைத் தாண்டி மாமாவுக்கு உதவப் போக முடியாது. தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கவும் முடியாது. 2016 விதிகளின்படி பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதற்கே தடை.

அமெரிக்காவில் இதைத்தான் மாநிலமா, நகரமா என்று சண்டையிடுகிறார்கள் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் பொதுவாகத் துப்பாக்கியை வெளியே தெரிய எடுத்துச் செல்ல உரிமம் தேவையில்லை. அதே மாநிலத்தின் பிலடெல்பியா நகரில் தேவை என்று விதி வகுக்கப்பட்டது. அந்த விலக்கும் மாநிலச் சட்டம் தந்ததுதான். பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் நகரங்கள் தனியாகத் துப்பாக்கி விதி இயற்றக் கூடாதென்று தடுத்து வைத்துள்ளன. கொலராடோ 2021இல் அந்தத் தடையை நீக்கி, நகரங்கள் மாநிலத்தைவிடக் கடுமையான விதி வகுக்க வழிவிட்டது.

நம் நாட்டில் ஒரு பகுதிக்கென்று தனிச் சலுகை உண்டா? உண்டு, குடகில். கொடவர்களும் ஜம்மா நிலம் உடையவர்களும் உரிமம் பெறாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ‘கைல்போது’ திருநாளில் அதற்குப் பூசையே செய்வார்கள். 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் இந்த விலக்கு செல்லும் என்றது. கவனிக்க வேண்டியது, அந்த விலக்கை அளித்தது கர்நாடக அரசு அல்ல, மத்திய அரசு.

அப்படியானால் வெள்ளறடை பிரசிடென்ட் மட்டும் எப்படி? துப்பாக்கி ஒரு பட்டியல், பன்றி வேறொரு பட்டியல்! வனவிலங்குப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. 1976இல் 42ஆவது திருத்தம்தான் அதை அங்கே கொண்டுபோனது. நம் கல்வியும் அதே திருத்தத்தில்தான் போனது என்பதை ஆசிரியர்களான நாம் மறக்க முடியாது. காட்டுப்பன்றியைத் தீங்குயிரியாக அறிவிக்கும்படி கேரளம் கேட்டது. மத்திய அரசு மறுத்தது. அதனால் 2022 மே மாதத்தில் கேரள அரசு, உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கி, பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. சுடுபவர் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். நஞ்சு, வெடி, மின்சாரம் கூடாது. துப்பாக்கி யாரிடம் இருக்கலாம் என்பது டெல்லியின் கையில், எப்போது சுடலாம் என்பது ஊரின் கையில்.

தமிழ்நாடு 2025இல் வேறு வழியில் போனது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம். மலையை ஒட்டிய எங்கள் பிள்ளைகளின் விளைகள் பெரும்பாலும் அந்த முதல் கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. கேட்டுப் பார்த்தால் பலர் திருட்டு மின்வேலியைப் பற்றித்தான் சொன்னார்கள். பன்றிக்கு வைத்ததில் மனிதர் சாவது அவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அன்று பாடத்தைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசினேன். பாடத்திட்டத்தில் அது இல்லை.

பிறகு வகுப்பையே கிராம சபையாக்கினேன். உத்தரவிடும் அதிகாரம் ஆட்சியருக்கா, வனத்துறைக்கா, ஊராட்சிக்கா? ஊராட்சி என்று பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். முதலில் கேள்வி கேட்ட மாணவன் மட்டும் தூக்கவில்லை.

“ஏன் மக்களே, நீதானே கேட்ட?”

“எங்க பிரசிடென்ட் யாரு விளைக்கு உத்தரவு குடுப்பாரு, யாரு விளைக்குக் குடுக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும் டீச்சர்.”