எட்டு சதவீத வாக்கு: ஒருமுறை 1 இடம், மறுமுறை 29

தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய 1957-இல் அதன் சார்பில் மக்களவைக்குப் போனவர்கள் இருவர்தான். நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத் ஒருவர், திருவண்ணாமலையில் வென்ற இரா. தர்மலிங்கம் மற்றவர். அன்று சிறிய கட்சியாக இருந்த தி.மு.க.வைக் கைதூக்கி விட்ட ஊர்களில் திருவண்ணாமலையும் ஒன்று. இன்று தனித்து நிற்கும் சிறிய கட்சிக்கு அந்த வாய்ப்பு உண்டா?

2024 மக்களவைத் தேர்தலில் இங்கே தி.மு.க.வின் சி.என். அண்ணாதுரை சுமார் ஐந்தரை லட்சம் வாக்குகள் பெற்று வென்றார். பதிவான வாக்குகளில் அது பாதிக்கும் குறைவு. மாநிலம் முழுவதும் தனித்து நின்ற நாம் தமிழர் கட்சி 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. கிடைத்த இடம் ஒன்றுமில்லை.

கணக்கு எங்கே இடிக்கிறது?

தொகுதியில் யார் முதலிடமோ அவரே உறுப்பினர். இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கு விழுந்த வாக்குகள் அத்தோடு முடிந்தன. ஆகவே எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைவிட, அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

திருவண்ணாமலை அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டமே இதற்குச் சான்று. 1952-இல் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி மாநில அளவில் வாங்கிய வாக்கு சொற்பம். ஆனால் ஆதரவு வட ஆற்காட்டில் திரண்டிருந்ததால் சட்டமன்றத்தில் 6 இடங்கள் கிடைத்தன.

ஆதரவு பரவிக் கிடந்தால் கதை வேறு. 2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்துப் போட்டியிட்ட தே.மு.தி.க. 8.4 சதவீதம் வாங்கியது. வென்றது விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டுமே. 2009 மக்களவைத் தேர்தலில் சுமார் 10 சதவீதம். ஓர் இடமும் இல்லை. 2011 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுடன் சேர்ந்தபோது 7.9 சதவீதம்தான், ஆனால் 29 இடங்கள். வாக்கு விகிதம் குறைந்தது, எதிர்க்கட்சித் தலைவர் பதவியோ கைக்கு வந்தது.

கூட்டணியின் விலை

இதனால்தான் சிறிய கட்சிகள் பெரிய கட்சியின் வாசலில் தொகுதிப் பங்கீட்டுக்குக் காத்திருக்கின்றன. சில நேரம் சின்னத்தையும் விட்டுக்கொடுக்கின்றன. 2021 சட்டமன்றத் தேர்தலில் ம.தி.மு.க. வேட்பாளர்கள் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் நின்றார்கள். வென்றவர்கள் சட்டத்தின் பார்வையில் தி.மு.க. உறுப்பினர்கள்தான். விடுதலைச் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் நின்று, 6 இடங்களில் 4-ஐ வென்றார்கள்.

தனித்து நின்றால் வேறு சுமைகள். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் டெபாசிட் போய்விடும். அங்கீகாரம் இல்லாவிட்டால் சின்னமும் நிலையில்லை. 2024-இல் முன்பு தன்னிடம் இருந்த கரும்பு விவசாயி சின்னம் வேறொரு கட்சிக்குப் போனதால், நாம் தமிழர் கட்சி மைக் சின்னத்தை மக்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் மேல், "ஜெயிக்காத கட்சிக்குப் போட்டு ஓட்டை ஏன் வீணாக்கணும்?" என்ற பேச்சு, பிடித்த கட்சியிலிருந்தே வாக்காளரைப் பிரிக்கிறது.

மாற்று இருக்கிறதா?

வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்று அரசியல் நிர்ணய சபையிலேயே குரல் எழுந்தது. 1949 ஜனவரியில் அம்பேத்கர் அதை மறுத்தார். அதற்குப் பரவலான எழுத்தறிவு வேண்டும், நிலையான அரசு அமையாது என்பவை அவர் சொன்ன காரணங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். முதல் காரணம் இன்று பொருந்தாது.

இரண்டாவது கவலை நியாயமானது. அதற்கும் வழி உண்டு. தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மக்களவை இடங்களை 25 சதவீதம் கூட்டி, கூடுதல் இடங்களை வாக்கு விகிதப்படி பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று 1999-இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. விகிதாச்சார முறை நடைமுறையில் உள்ள இலங்கையில் 225 இடங்களில் 196 மாவட்ட வாரியாக வாக்கு விகிதத்தில் நிரப்பப்படுகின்றன. மீதி 29 தேசியப் பட்டியலுக்கு. மாவட்டத்தில் 5 சதவீதம் தாண்டாத கட்சிக்கு இடமில்லை என்பதால், உதிரிக் கட்சிகள் பெருகவும் தடை இருக்கிறது.

எட்டு சதவீதம் என்பது தமிழ்நாட்டில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். அவர்களுடைய கொள்கை நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். வரி கட்டி, வரிசையில் நின்று வாக்களித்த அவர்களுக்கு அவையில் பேச ஓர் ஆள்கூட இல்லாதது அநீதி. கால் நூற்றாண்டாகக் கிடப்பில் கிடக்கும் அந்தப் பரிந்துரையை நாடாளுமன்றம் விவாதத்துக்கு எடுக்க வேண்டும். இப்போதைய தேர்தல் முறையால் அதிகம் பலன் பெறும் பெரிய கட்சிகள் தாமாக அதைச் செய்யமாட்டா. வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் நாம்தான் கேட்க வேண்டும்.